பத்து என்று சொன்ன மாப்பிள்ளை

விருதுநகர் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தான். ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பத்திரிகையை வடிவமைப்பது அவன்தான். தாய்மாமன் பெயரை எங்கே போடுவது, எந்த வீட்டில் சித்தப்பா பெயர் விட்டுப்போனால் சண்டை வரும், இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் அவன் செய்ததைப் பென் டிரைவில் போட்டு அடுத்த தெரு அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். தன் பத்திரிகை காகிதத்தில் எப்படி வருகிறது என்று அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் துணை சேர்த்துவிட்டுத் தான் மட்டும் தனியாக இருக்கிறோமே என்று அவனுக்கு ரொம்ப நாளாகக் குறை.

அந்தக் குறை தீர ஒரு நாள் வந்தது. கடைக்காரி தங்கபுஷ்பம் ஒரு பிரிண்டர் வாங்கினாள். பளபளவென்று புதுப் பெட்டியில் வந்து மேஜைமேல் இறங்கினாள் அந்தப் பிரிண்டர்.

"மாப்ளே, நிமிர்ந்து உக்காரு. பொண்ணு வந்தாச்சு" என்றார் மானிட்டர். அவர் கம்ப்யூட்டருக்குத் தாய்மாமன் முறை. வாய் கொஞ்சம் நீளம்.

கீபோர்டு அத்தைக்குக் கவலை வந்துவிட்டது. தட்டித் தட்டிப் பாதி எழுத்து தேய்ந்துபோன அத்தை அவள். "விண்டோஸ்ல எத்தனையாவதுன்னு கேட்டா என்ன சொல்றது? அதைத்தானே முதல்ல கேப்பாங்க?"

"பத்துன்னு சொல்லுவோம்" என்றார் மானிட்டர், யோசிக்காமல்.

மனிதர்கள் வீட்டில் பெண் பார்க்கும்போது வயதில் ரெண்டைக் குறைத்துச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் வீட்டில் எண் கூடக் கூடத்தான் இளமை. அதனால் இங்கே கூட்டிச் சொல்வது வழக்கம். எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் சொந்தக்காரர்கள்தான்.

"நான் நெசமாவே பத்துதானா மாமா?" என்று கம்ப்யூட்டர் மெதுவாகக் கேட்டான்.

"என் மூஞ்சியைப் பாரு. பத்து மாதிரி இல்ல?"

இருக்கத்தான் செய்தது. நிறம், பின்னாலிருக்கும் படம், கீழே வரிசையாகப் பொத்தான்கள், எல்லாமே பத்து மாதிரிதான் இருந்தன. கம்ப்யூட்டர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் வேறு ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயம்.

பிரிண்டரைக் கொண்டுவந்த மெக்கானிக் முனியராஜ் வயரை மாட்டினான். பிரிண்டர்தான் முதலில் பேசினாள். குரல் சின்னதாக இருந்தது.

"விண்டோஸ்ல நீங்க எத்தனை?"

"பத்து" என்று மானிட்டர் முந்திக்கொண்டார்.

"பத்தா?" என்றவள் அதற்குப் பிறகு பேசவேயில்லை. அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக் கம்ப்யூட்டருக்கு உள்ளூரப் பெருமையாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

முனியராஜும் திரையைப் பார்த்தான். பத்து என்றே முடிவு செய்தான். கம்ப்யூட்டர் பேசுவது பிரிண்டருக்குப் புரிய வேண்டுமென்றால் நடுவில் டிரைவர் என்று ஒருவன் வேண்டும். பத்துக்கு ஏற்ற ஒரு டிரைவரைத் தன் பென் டிரைவிலிருந்து எடுத்துப் போட்டான். டிரைவர் உட்காரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். பிரிண்டரின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்ததுதான் மிச்சம்.

"அக்கா, பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு. இந்த சிஸ்டம்தான் சரியில்ல" என்றான் முனியராஜ். "இதைப் பழைய சாமான் கடையில போட்டுட்டு வேற எடுத்துருங்க. இல்லேன்னா பிரிண்டரை நான் திருப்பிக் கொண்டுபோயிருதேன்."

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒன்று அவன் போக வேண்டும், இல்லை அவள் போக வேண்டும். உள்ளே விசிறி தாறுமாறாகச் சுற்றியது.

"மாமா, உண்மையைச் சொல்லிருவோம்."

"உண்மை என்னன்னு உனக்கே தெரியாதேடா" என்றார் மானிட்டர். அந்த ஒரு வார்த்தை அவனை நன்றாகச் சுட்டது.

அவன் பிரிண்டர் பக்கம் திரும்பினான். "இந்தாங்க, பத்துன்னு சொன்னது எனக்கே நிச்சயமில்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நானும் பாத்ததில்ல."

"இப்பப் பாருங்களேன்."

"பாத்து, சின்ன நம்பரா இருந்துட்டா?"

"இருந்தா இருக்கட்டும். பாருங்க" என்றாள் அவள். குரலில் ஏதோ ஒரு தவிப்பு இருந்தது.

அதே நேரம் தங்கபுஷ்பமும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வேலைக்கு ஆகாது என்று யார் சொன்னாலும் உடனே தூக்கிக் கொடுக்கிறவள் இல்லை அவள்.

"தம்பி, இது பத்துன்னு எதை வச்சுச் சொல்லுதீங்க?"

"அதான் பாத்தாலே தெரியுதேக்கா."

"பாக்கிறதுக்கு அப்படித்தான் இருக்கும். லீவுக்கு வந்த எங்க அண்ணன் மக சோடிச்சுவிட்டது அது. உள்ளுக்குள்ள என்னன்னு பாக்க ஒரு வழி இல்லையா?"

முனியராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜன்னல் படம் போட்ட பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினான். சின்னதாக ஒரு பெட்டி திறந்தது. அதில் விண்டோஸ் எண்ணைக் காட்டச் சொல்லும் 'வின்வெர்' என்ற கட்டளையைத் தட்டினான்.

ஒவ்வொரு எழுத்தாகக் கொண்டுபோய்க் கொடுத்தது அத்தைதான். அவ்வப்போது ஓர் எழுத்தை விழுங்கிவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. இப்போதும் ஒன்றை விழுங்கிவிட்டால் மருமகன் மானம் தப்பும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். என்னவானாலும் தெரிந்துவிடட்டும் என்றிருந்தது அந்த முகம். ஓர் எழுத்துகூடக் குறையாமல் கொடுத்துவிட்டாள்.

கம்ப்யூட்டருக்குள் எங்கோ ஆழத்தில் கிடந்த பதில் எழுந்து வந்தது. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. மானிட்டரின் பாடுதான் திண்டாட்டம். பத்து என்று அடித்துச் சொன்ன வாய். ஆனால் வந்ததைக் காட்டுவதுதானே அவர் பிழைப்பு? தலையைக் குனிந்துகொண்டே காட்டினார்.

விண்டோஸ் ஏழு.

"அட, ஏழா இது?" என்ற முனியராஜ், பிரிண்டர் வந்த பெட்டிக்குள் கையை விட்டு ஏழுக்கான டிரைவர் இருந்த ஒரு சிடியை எடுத்துப் போட்டான். டிரைவர் ஜம்மென்று உட்கார்ந்தான். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை, மஞ்சளும் குங்கும நிறமுமாக, சூடாக வெளியே வந்தது. தங்கபுஷ்பம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். கம்ப்யூட்டரும் பார்த்தான். இவ்வளவு அழகாகவா செய்திருக்கிறோம் என்று வரி வரியாகப் படித்தான்.

"ஏழுன்னு தெரிஞ்சும் நீங்க முகம் சுளிக்கலையே" என்றான் பிரிண்டரிடம்.

"பெட்டிதாங்க புதுசு" என்றாள் அவள். "இதுக்கு முன்னால ரெண்டு ஆபீஸ்ல இருந்தேன். ரெண்டு இடத்துலயும் பழைய சிஸ்டத்தைத் தூக்கிட்டுப் பத்து வாங்கினாங்க. பத்து பேசுறது எனக்குப் புரியாது. அப்பவே என்னையும் மூட்டை கட்டிட்டாங்க."

அவள் மானிட்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"உங்க மாமா பத்துன்னு சொன்னாரே, அப்ப நான் அழாத குறைதான்."