தவளைச் சங்கத்தின் ஐந்தாவது தலை

அந்தக் காலத்தில் தவளைகளுக்குப் பேச்சு இருந்தது, ஒற்றுமைதான் இல்லை. கிணற்றுத் தவளை கிணற்றோடு, வயல் தவளை வரப்போடு. ஒரு கோடை மழை ஊருக்கு வெளியே புதுக் குட்டை ஒன்றை நிரப்பிவிட, எல்லாம் குதித்து வந்து குடியேறின. வந்த ஜோரில் ஒரு சங்கமும் வைத்துக்கொண்டன. வயிறு பெருத்த தொந்தியப்பன் தலைவர். சட்டம் ஒன்றே ஒன்று: ஐந்து தலை சேர்ந்தால் கூட்டம், கூட்டத்தில் முடிவானால் முடிவானதுதான்.

அந்தச் சங்கத்தில் செவந்தான் என்றொரு வயல் தவளை. உடம்பு சின்னது, தொண்டை பெரியது. குட்டையின் கிழக்கு மூலையில், ஆழமில்லாத தண்ணீரில், அவன் பெண்டாட்டி முட்டையிட்டிருந்தாள். தலைப்பிள்ளைகள். செவந்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மத்தியானம் இரை தேடப் போனவன் திரும்பி வந்து பார்த்தால், மேற்குக் கரையில் மடையான் கொக்கு ஒன்று அலகைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

"என்னண்ணே இது?" என்று தலைவரிடம் ஓடினான்.

தொந்தியப்பன் அல்லி இலையில் சாய்ந்தபடியே சொன்னார்: "காலையில கூட்டம் போட்டோம்ப்பா. கிழக்கு மூலையைக் கொக்கய்யாவுக்கு விட்டாச்சு. பதிலுக்கு அவரு பாம்பை விரட்டுவாரு."

செவந்தான் அல்லி இலை மேலேயே தாவி ஏறினான். "என் புள்ளைங்க அங்கதானண்ணே கிடக்கு! எனக்கு யாரு சொன்னா?"

"நீ பக்கத்துல இல்லையே."

"யார் யாரு இருந்தீங்க?"

"நானு, என் தம்பிமாருங்க மூணு பேரு. நாலு தலைதான். கலைஞ்சு போயிடலாம்னு பாத்தோம். கொக்கய்யா தங்கமான மனுஷன், 'என் தலையையும் சேத்துக்குங்க'ன்னு குனிஞ்சு குடுத்தாரு. அஞ்சாயிடுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தலைவருக்கே ஏதோ உறைத்தது. திறந்த வாயை மூட மறந்துபோனார்.

கொக்கு சிரித்தது. "முடிவானது முடிவானதுதான். உங்க சட்டம்தானே? வேணும்னா இன்னொரு கூட்டம் போட்டு மாத்திக்குங்க. நான் கிழக்கு மூலைக்கு நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள!" சொல்லிவிட்டு ஆடி அசைந்து கிளம்பியது. ஆளுக்கொரு மூலையில் கிடக்கும் தவளைகளை யார் தேடிச் சேர்க்க முடியும் என்ற தைரியம் அதற்கு.

செவந்தான் தேடவில்லை. ஒரு கல்லின் மேல் ஏறி, தொண்டையை உப்பி, உயிரே போகிற மாதிரி கத்தினான்: "நான் இருக்கேன்! நீ இருக்கியா?"

கோரைக்குள்ளிருந்து ஒரு குரல், "இருக்கேன்!" சேற்றுக்குள்ளிருந்து, "நானும் இருக்கேன்!" மதகடியில், நண்டு வளையில், தாழம்புதரில் என்று குரல்கள் கிளம்பிக் கிளம்பி, குட்டையே அதிர்ந்தது. நாம் இத்தனை பேர் இருக்கிறோமா என்று தவளைகளுக்கே ஆச்சரியம். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் உரக்கக் கத்தின.

"கிழக்கு மூலை யாருக்கு?" என்றார் தொந்தியப்பன், வெட்கத்தோடு.

"புள்ளைங்களுக்கு!"

கொக்கு கடைசி அடிக்குக் காலைத் தூக்கியிருந்தது. அவசர அவசரமாக, "நானும் இருக்கேன்! எனக்கும் பேச்சு உண்டு!" என்றது.

சட்டென்று அத்தனை வாயும் மூடிக்கொண்டது. ஒரு முனகல்கூட இல்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"சங்கத்துல இல்லாதவங்க நிக்கிறப்போ நாங்க பேசுறதில்லைங்கய்யா" என்றான் செவந்தான், ரொம்ப மரியாதையாக. "முடிவும் ஆயிடுச்சு. முடிவானா முடிவானதுதானே?"

தன் வாயால் சொன்ன பேச்சு. தூக்கிய காலைத் தண்ணீரில் வைக்க வழியில்லாமல் கொக்கு அப்படியே பறந்து போனது. அது கண்ணுக்கு மறைந்ததும் கிளம்பிய கும்மாளம் விடிய விடிய ஓயவில்லை. முட்டைகள் பொரிந்து, செவந்தானின் தலைப்பிரட்டைகள் கிழக்கு மூலை முழுக்க வாலாட்டின. அவன் கண் கலங்கிவிட்டான், பாவம்.

அன்று முதல்தான், மழை பெய்த குட்டையில் ஒரு தவளை கூப்பிட்டால் மற்றதெல்லாம் தன் வாயால் பதில் சொல்கிறது. நீங்கள் கரையில் கால் வைத்ததும் மொத்தமும் கப்சிப்பென்று அடங்கிவிடுகிறதே, அதற்காக வருத்தப்படாதீர்கள். கூட்டம் நடக்கிறது, நீங்கள் சங்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.