பழி கேட்டு வந்த மூவர்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகளைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்துப்போயிருக்கும். இது ஒரு பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களுக்கு வாரம் ஒருமுறை ஒரு மருத்துவ வேன் வரும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணாகிப்போனவர்களுக்கு அங்கேயே ஊசி, அங்கேயே கட்டு. வருகிறவர்களின் விவரங்களைப் பதிய நர்ஸ் ஜெசிந்தாவின் கையில் ஒரு போன் உண்டு. அதில் ஓடும் செயலியின் திரையை வரைந்தவள் பார்கவி, சென்னையில் ஏ.சி. அறையில் இருந்து வேலை பார்ப்பவள். எழுத வேண்டிய கட்டம் எவ்வளவு பெரிது, அதன் ஓரம் எவ்வளவு வளைவு, உள்ளே எழுத்து என்ன நிறம் என்பதிலெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அதை இயங்க வைத்தவன் அவளோடு வேலை பார்த்த குருநாதன்.

காலிக் கட்டத்துக்குள் வெளிறிய சாம்பல் நிறத்தில் சில சொற்கள் நிற்பதை உங்கள் போனிலும் பார்த்திருப்பீர்கள். எழுதத் தொடங்கியதும் அவை மறைந்துவிடும். பார்கவியின் திரையில் முதல் கட்டத்தில் ‘பெயரை எழுதவும்’ என்று நிற்கும், அடுத்ததில் ‘ஊரை எழுதவும்’ என்று நிற்கும். பிற்பாடு வேனில் வரும் டாக்டர் கேட்டதற்காக ‘ஒத்துக்கொள்ளாத மருந்து’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது. அதற்குள் ‘எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதவும்’ என்று போட்டுப் பார்த்தாள். அது இரண்டு வரியாக மடங்கி, கட்டத்தைப் பிதுக்கிக்கொண்டு அசிங்கமாக நின்றது. முக்கால்வாசிப் பேர் சொல்லப்போகிற பதில்தானே என்று ‘இல்லை’ என ஒரே சொல்லை வைத்தாள். கட்டம் கச்சிதமாக அமைந்தது.

ஒரு மாதத்தில் புகார் வந்தது. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களுக்கு நடுவே நின்று போனைப் பார்த்தால் சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை என்று நர்ஸ்கள் எழுதினார்கள். பார்கவி அந்தச் சாம்பலைக் கறுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவள் மேஜையில் இரண்டு நிறமும் வேறு வேறாகத்தான் தெரிந்தன. வெயிலில் எப்படித் தெரியும் என்று அவள் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த புகார், புதிய கட்டத்தை நிரப்பாமல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, வரிசை நீள்கிறது என்று. குருநாதன் அந்தத் தடையை எடுத்துவிட்டான்.

வைகாசி வெயிலில் உப்பளத் தொழிலாளி இசக்கிமுத்து இரண்டாம் முறையாக வேனுக்கு வந்தார். முதல் தடவை கொடுத்த பெயர், ஊர், வயது எல்லாம் தாமாகவே கட்டங்களில் வந்து நின்றன. அவற்றுக்குக் கீழே, ஒத்துக்கொள்ளாத மருந்து: இல்லை. அதுவும் அவர் போன தடவை சொன்னதுதான் என்று ஜெசிந்தா நினைத்தாள். போன தடவை அவர் வந்தபோது அந்தக் கட்டமே கிடையாது. டாக்டரும் அதே திரையைப் பார்த்துவிட்டு ஊசி எழுதினார். ஜெசிந்தா போட்டாள். கால் மணி நேரத்தில் இசக்கிமுத்துவின் முகம் வீங்கி மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஜெசிந்தாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக்காக அந்தத் திரையின் படம் பார்கவிக்கு வந்தது. அதில் இருந்த ‘இல்லை’ யாரும் எழுதாத சொல் என்று அவளுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. குருநாதனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். இசக்கிமுத்துவின் மனைவி முத்துக்கனியின் வீட்டுக்குப் போனபோது ஜெசிந்தா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

“நாந்தான்க்கா” என்றாள் ஜெசிந்தா. “வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்காம, போனுல ‘இல்லை’ன்னு இருந்ததப் பாத்து ஊசி போட்டுட்டேன்.”

“கட்டத்தை நிரப்பாம தாண்ட முடியாதுன்னு இருந்துச்சும்மா. அதை எடுத்துவிட்டது நான்” என்றான் குருநாதன்.

“என் தப்புதாங்க” என்றாள் பார்கவி. “எழுதினதுக்கும் எழுதாததுக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி நிறத்தைக் கறுப்பாக்கினது நான்தான்.” சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது, கூடவே நெஞ்சு கொஞ்சம் லேசானது. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

முத்துக்கனி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “மூணு பேரும் நாந்தான் நாந்தான்னு சொல்லுதீய. போலீசுல ஒரு பேரு கேக்காவ. அந்த ஊசி அவருக்கு ஆகாதுன்னு உப்பளத்துல எல்லாருக்கும் தெரியும். பொய்யா ஒருத்தர் பேர எழுதிக் குடுத்துட்டு நான் எப்படி ஒறங்க?”

கேட்காமல் ஊசி போட்டவள், தடையை எடுத்தவன், நிறத்தைக் கறுப்பாக்கியவள். முத்துக்கனி போலீசுக்குக் கொடுக்கப்போகும் காகிதத்தில் எழுதப்பட வேண்டிய பெயர் யாருடையது?

*

பார்கவியின் பெயர்தான். ஆனால் அவள் ஒப்புக்கொண்ட தவறுக்காக இல்லை. நிறம் கறுத்தும் தடை நீங்கியும் போன பிறகுகூட, அந்தக் கட்டத்தில் ‘கேட்டு எழுதவும்’ என்று இருந்திருந்தால் ஜெசிந்தா கேட்டிருப்பாள், அவர் சொல்லியிருப்பார். நிறமும் தடையும் நர்ஸ்கள் கேட்டு மாற்றியவை. ‘இல்லை’யை யாரும் கேட்கவில்லை, கட்டம் அழகாக இருக்க வேண்டும் என்று அவளாக வைத்தாள். மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளக்கூடிய பழியைச் சொல்லி அழுதவள், தனக்கு மட்டுமே உரியதை விழுங்கிவிட்டாள். முத்துக்கனிக்கு நிறமும் தெரியாது, தடையும் தெரியாது. “அவரு சொல்லாத பதில அந்தப் போனுக்குள்ள எழுதி வச்சது யாரு?” என்று மட்டும் கேட்டாள். “கட்டம் அழகா இருக்கணும்னு ‘இல்லை’ன்னு வச்சது நான்தாங்க” என்றாள் பார்கவி. பிறகு தன் முழுப்பெயரையும் அப்பா பெயரையும் சொன்னாள். முத்துக்கனிக்கு எழுதத் தெரியாததால் ஜெசிந்தா அதை எழுதினாள்.