பாராட்டு விழாவுக்கு வெட்டிய காட்டு நெல்

ஆம்பல் குளத்துக் கரையில் விலங்குகள் போட்டிருந்த நெல், பால் பிடிக்கும் நேரத்தில் கதிரின் கழுத்துக் கருகிச் சாய்ந்தது. பூஞ்சை பிடித்திருந்தது. மணியை உரித்தால் உள்ளே ஒன்றுமில்லை.

தினைக்குருவி கதிர் கதிராகக் கொத்திப் பார்த்தது. பிறகு தையல்சிட்டைத் தேடிப் போனது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் அந்தப் பறவைக்கு, காட்டில் வேறு யாருக்கும் இல்லாத அலகு நுணுக்கம்.

“சிட்டக்கா, இந்தக் குஞ்சுகளை எப்படியோ புல்விதை பொறுக்கித் தேற்றிவிடுவேன். அடுத்த போகமும் இப்படியே போனால் நான் முட்டையிடுவதில் அர்த்தமே இல்லை.”

தையல்சிட்டு குளத்தின் அக்கரையைப் பார்த்தது. அங்கே காட்டு நெல் வளர்ந்திருந்தது. உடம்பில் பட்டால் அரிக்கும் சுணை நிறைந்த, யாரும் விரும்பாத புல். அதே காற்று அடித்தும் அதைப் பூஞ்சை தொடவில்லை. சிட்டு அதன் உடம்புக்குள் தேடி, பூஞ்சையை அடையாளம் கண்டு விரட்டும் ஓர் இழையைக் கண்டுபிடித்தது. அந்த ஒரே இழையை உருவி, நல்ல நெல்லின் விதைக்குள் வைத்துத் தைத்தது.

விதையைக் கொண்டுவந்ததும் பெருச்சாளி கூட்டம் போட்டது. குளக்கரைக்கு அதுதான் தலைவர்.

“இதைத் தின்றால் எனக்கும் சுணை முளைக்குமா?” என்று கேட்டது முயல்.

“நேற்றெல்லாம் கோரைக்கிழங்கு தின்றாயே, உனக்குக் கோரை முளைத்ததா?” என்றது தையல்சிட்டு.

“அதில்லை. கேட்டுவைப்பது நல்லதில்லையா?”

“கேள், தப்பில்லை. பதில் சொன்னால் காதில் வாங்கிக்கொள். இதையே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய்.”

முயலின் காதுகள் அவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. ஒருவழியாக விதைக்கும் பருவம் முடியும் தறுவாயில் பெருச்சாளி சம்மதித்தது.

அந்தப் போகம் கதிர்கள் கருகவில்லை. பாரம் தாங்காமல் வளைந்து நின்றன. தினைக்குருவியின் கூட்டில் எல்லாக் குஞ்சும் பறந்தன. அடுத்த போகத்துக்கு அந்த விதையைத் தவிர வேறெதையும் யாரும் தொடவில்லை.

பெருச்சாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “சிட்டுக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம். அக்கரையை வெட்டிப் பந்தல் போடுகிறோம்.”

தையல்சிட்டு பதறிப் பறந்துவந்தது. “தலைவரே, அங்கே இருப்பது காட்டு நெல்.”

“ஆமாம், களை. இனி அது எதற்கு? உன் தையல்தான் இருக்கிறதே.”

“நான் போட்டது ஒரு பூட்டு. பூஞ்சை சும்மா உட்கார்ந்திருக்காது, கள்ளச்சாவி செய்துகொண்டே இருக்கும். ஒருநாள் திறந்துவிடும். அதற்குள் வேறு இழைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அவையெல்லாம் அந்தப் புல்லில்தான் இருக்கின்றன.”

“விழா முடியட்டும், பேசிக்கொள்வோம்.”

“விழா முடிந்தால் புல் இருக்காது, தலைவரே.”

“எவ்வளவு அடக்கம் பாருங்கள். பாராட்டு வேண்டாம் என்கிறது!” என்றது பெருச்சாளி. எல்லாரும் கைதட்டினார்கள். தினைக்குருவியும்தான்.

வேரோடு வெட்டியதில் அக்கரை மொட்டையானது. விழாவில் பெருச்சாளி நெடுநேரம் பேசியது, பெரும்பாலும் தன்னைப் பற்றி. பிறகு வெட்டிய கதிர்களால் கட்டிய மாலையைச் சிட்டின் கழுத்தில் போட்டது. மாலையின் கனத்தில் சிட்டு குப்புற விழுந்தது. விழுந்த இடத்திலேயே மாலையைக் குடைந்து பார்த்தது. எல்லாம் பால் பிடிக்காத பிஞ்சுக் கதிர். முளைக்கக்கூடிய விதை ஒன்றுகூட இல்லை.

சில போகங்கள் நன்றாகவே விளைந்தன. சிட்டு பாவம், வயதாகிப் பயந்துவிட்டது என்று முயல் சொல்லித் திரிந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் ஒரு கதிரின் கழுத்துக் கருகியது. வயல் முழுக்க ஒரே விதை. ஒன்றைத் திறந்த கள்ளச்சாவி எல்லாவற்றையும் திறந்தது.

பெருச்சாளி மூச்சிரைக்க ஓடிவந்தது. “போன தடவை மாதிரி ஒரு தையல் போட்டுக்கொடு.”

“போடுகிறேன். இழை எங்கே?”

பெருச்சாளி அக்கரையைப் பார்த்தது. பந்தல் கால்கள் மட்டும் நின்றன.

“நீ கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்,” என்றது.

தையல்சிட்டு இலை தைக்கத் திரும்பிவிட்டது.

“அக்கா, நானும் அன்றைக்குக் கைதட்டினேன்,” என்றது தினைக்குருவி.

“தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் காட்டு நெல் இருந்தாலும் இருக்கும். போய்ப் பார்.”

தினைக்குருவி கிளம்பியது. அந்த வருடம் அது முட்டையிடவில்லை.

மருந்து கிடைத்துவிட்டது என்று மருந்தின் வேரைப் பிடுங்கியவர்களுக்கு, அடுத்த நோய் வரும்போது கையில் மாலை மட்டுமே மிஞ்சும்.