வெயிலில் வைத்த கிண்ணம்

"அந்தப் பெண்ணுக்கு நோயே இல்லை," என்றார் ஆண்டியப்பன்.

பர்வதம் நொச்சி இலை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்து வைத்தியசாலை அவருடையது. ஆண்டியப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். சொந்த ஊரில் வெகுகாலம் வைத்தியம் பார்த்துவிட்டு, இன்னும் கற்க வேண்டும் என்று இவரிடம் வந்து சேர்ந்தவர்.

"நோயில்லாதவள் எதற்கு இவ்வளவு தூரம் வந்தாள்?"

ஆண்டியப்பன் எல்லாவற்றையும் சொன்னார். பெண்ணின் பெயர் முத்தரசி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். அமுக்கிப் பார்த்தால் வயிறு இளகித்தான் இருக்கிறது. நாடியில் குற்றமில்லை. சிறுநீரில் எண்ணெய்த்துளி விட்டுப் பார்த்ததிலும் ஒன்றும் தெரியவில்லை. முன்பு பார்த்த வைத்தியர்களும் இதையேதான் சொன்னார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறது புருஷன் வீடு. வருகிற அமாவாசைக்குப் பேயோட்டும் கோயிலில் கொண்டுபோய்ச் சங்கிலியால் கட்டிப்போடப் போகிறார்கள். கூட வந்திருக்கும் அண்ணனுக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

"அவள் என்ன சொல்கிறாள்?"

"நாடி சீராக..."

"அது நாடி சொன்னது."

ஆண்டியப்பன் எழுந்து போனார். திரும்பி வரும்போது முகத்தில் சலிப்பு இருந்தது.

"ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, அம்மா. மாதாமாதம் தூரமாவதற்கு முன்னால் வலி வருமாம். கை மரத்துப் போகுமாம். சுவரில் ஆள் தெரியுமாம். பட்டினி கிடந்தால் எல்லாம் கூடுமாம்."

"நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?"

"பட்டினிதான் போட்டிருக்கிறேன்."

பர்வதத்தின் கை நின்றது.

"வேறென்ன சொன்னாள்?"

"வலி வரும் நாட்களில் சிறுநீர் சிவக்குமாம். நான் பார்த்தேனே. தெளிவாகத்தான் இருந்தது."

"பிறகு?"

"பிறகென்ன? கொட்டிவிட்டேன்."

பர்வதம் அடுப்படிக்குப் போய்க் கஞ்சி காய்ச்சினார். கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தன் கையாலேயே முத்தரசிக்குப் புகட்டினார்.

மறுநாள் காலையில் அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து வாங்கினார். இன்னொரு கிண்ணத்தை ஆண்டியப்பனிடம் நீட்டினார்.

"உங்களுடையதும் வேண்டும், வைத்தியரே."

"எனக்கு நோய் இல்லையே."

"அதனால்தான்."

இரண்டையும் முற்றத்து வெயிலில் வைத்தார். பக்கத்தில் ஆண்டியப்பனை உட்காரச் சொன்னார்.

"எதைப் பார்க்க வேண்டும்?"

"எனக்கும் தெரியாது. பாருங்கள்."

அவர் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. காக்கை விரட்டினார். கொட்டாவி விட்டார். உச்சிவேளையில் ஒரு கிண்ணம் லேசாக மங்கியது. கண் கூசுகிறது என்று நினைத்தார். கிட்டத்தில் குனிந்தார். அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டும் அவர் எழவில்லை.

வெயில் சாயும்போது அவருடையது அப்படியே இருந்தது. முத்தரசியுடையது நாவற்பழம் கழுவிய தண்ணீராக மாறியிருந்தது.

"அம்மா, இது என்ன நோய்?"

"தெரியாது."

"சுவடியில்?"

"நான் படித்ததில் இல்லை."

"அப்படியானால் அவளிடம் என்ன சொல்ல?"

பர்வதம் சிவந்த கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கஞ்சி குடித்ததில் முத்தரசியின் வலி சற்று அடங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆண்டியப்பன் கிண்ணத்தை அவள் முன் வைத்தார். எட்டிப் பார்த்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அமாவாசைக்கு அவளை எங்கும் அனுப்பப் போவதில்லை என்று மெல்லச் சொன்னான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இது என்ன சீக்குங்க, ஐயா?"

"பெயர் தெரியவில்லை."

"ஆனா சீக்குதானே?"

"சீக்குதான்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஆண்டியப்பன் காத்திருந்தார். பிறகு அவள் பாயருகே வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"முதலிலிருந்து சொல்லும்மா," என்றார்.