மண்ணெண்ணெய்ச் சோறு

குலசேகரன் இரும்புப் பெட்டியைப் பூட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் விடைபெற வந்தார். மடத்தின் தலைவி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா.

“என்ன மேஜர், முகாமைக் கலைச்சாச்சா?”

“மூணு மாசம் உட்கார்ந்து பார்த்துட்டேம்மா. கண்ணை மூடினா சாமி வரல. கோவேறு கழுதைங்கதான் வருது. எனக்கு இது சரிப்படாது.”

“எத்தனை வருது?”

“நாற்பது.”

அம்மா சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார்.

போர்க்காலத்தில் குலசேகரன் மலையடிவாரத்திலிருந்து கோவேறு கழுதைகளில் மேலேயுள்ள படைக்கு உணவுப்பொருள் அனுப்பிய அதிகாரி. கழுதைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. வெல்லம் கொடுக்காமல் அடியெடுத்து வைக்காத ராணி. பாலத்தைக் கண்டால் படுத்துக்கொள்ளும் சுப்பன். விடியலில் கழுத்துமணிச் சத்தம் வளைவு வளைவாக மேலேறிப் போகும். அப்படியொரு சத்தத்தை அதன்பிறகு அவர் கேட்டதேயில்லை.

“அப்புறம்?”

குலசேகரனின் குரல் இறங்கியது.

“அரிசியையும் மண்ணெண்ணெயையும் ஒரே முதுகில ஏத்தக் கூடாது. எங்களுக்கு அதுதான் முதல் பாடம். ஒருநாள் சுப்பனுக்குக் கால் நொண்டி. மத்ததுங்க மேல ஏற்கெனவே முழுச் சுமை. பனி வேற பாதையை மூடப்போகுது. நானே ரெண்டையும் ராணி மேல ஏத்தினேன். டின் கசிஞ்சிருச்சு. மலையுச்சிக் காவல் சாவடியில ஆறு பேருக்குப் பதினோரு நாள் அந்தச் சோறுதான்.”

“திட்டினாங்களா?”

“வயர்லெஸ்ல கூப்பிட்டாங்க. ‘சார், இனிமே அடுப்பே வேண்டாம், சோறே பத்திக்கும்’னான் ஒருத்தன். பின்னால மத்தவங்க சிரிக்கிறது கேட்டுது. நல்ல அரிசி போய்ச் சேர்றதுக்குள்ள சாவடி மேல குண்டு விழுந்துருச்சு. ஆறு பேருமே இல்லம்மா.”

அம்மா எழுந்து போய் அடுக்களையிலிருந்து ஒரு பிடி சோறு கொண்டுவந்தார். அரிக்கேன் விளக்கின் மூடியைத் திறந்து, விரலை நனைத்து, சோற்றில் பிசைந்து வாயில் போட்டார்.

“ஐயோ, துப்புங்கம்மா!”

விழுங்கிவிட்டார். கண்ணில் நீர் முட்டியது.

“இதைத் தின்னுட்டா சிரிச்சாங்க?”

“ஆமாம்மா.”

“அந்தச் சாவடி எப்படியிருக்கும்?”



“தெரியாது. கடைசி வளைவு வரைக்கும்தான் கீழேயிருந்து தெரியும். மேல நான் போனதில்ல. இப்பவும் கழுதைங்க அந்த வளைவிலதான் மறையுது.”

அம்மா வாசலுக்குப் போய், இரும்புப் பெட்டியைத் தாமே உள்ளே இழுத்து வைத்தார்.

“நாளைக்குக் கண்ணை மூடும்போது கழுதைங்க வந்தா விரட்டாதீங்க, மேஜர். ராணிக்கு வெல்லத்தைக் கொடுத்துட்டு நீங்களும் கூடவே ஏறுங்க. சோறு ஆறுறதுக்குள்ள போய்ச் சேரணும்.”