எண்பது வாளும் ஒரு முழக் காலியிடமும்

ரொம்ப காலத்துக்கு முன்னே வேங்கைபுரி என்ற தேசத்தைச் செண்டலங்கார ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவருக்குச் சரி.

அவருக்குக் கீழே எண்பது சிற்றரசர்கள். ஆளுக்கொரு வாள் கொடுத்துப் பணிந்தவர்கள். அவர்களில் யார் வந்தாலும், கோட்டை வாசலிலிருந்து சபைக்கு நடந்து வருவதற்குள் அவருடைய வாளைச் சிம்மாசனத்தின் முன் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் உறவு முறிந்தது என்று படை திரட்டிவிடுவார்கள்.

அந்த வாள்களுக்காக மந்திரி பொன்னம்பலவாணர் சுவர் நீளத்துக்கு ஓர் அலமாரி செய்திருந்தார். உள்ளே ஒரே நீளத் தட்டு. வெளியே நாலு முழத்துக்கு ஒரு கதவு, கதவுகளுக்கு நடுவே தூண். எண்பது கதவுக்கும் ஒரே சாவி. திறந்த கதவைப் பூட்டினால்தான் சாவி கழன்று வரும். வாள் ஒவ்வொன்றும் மூன்று முழம். கதவுக்கு ஒன்றாகக் கிடத்தி, மீதி ஒரு முழத்தைக் காலியாக விட்டிருந்தார். பதினேழாம் வாள் வேண்டுமென்றால் பதினேழாம் கதவைத் திறந்தால் போதும்.

அரண்மனை மணியக்காரர் தாண்டவராயருக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும்.

"மகாராஜா, எண்பது முழம் வீணாகக் கிடக்கிறது! என்னிடம் விடுங்கள். இடைவெளியே இல்லாமல் அடுக்கி அறுபது கதவுக்குள் முடிக்கிறேன்" என்றார்.

"இருபது கதவு மிச்சமா!" ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "என்ன மந்திரி, இத்தனை நாள் தூங்கினீரா?"

"இடம் மிச்சமாகும் மகாராஜா. ஆனால் எடுக்கும்போது..."

"எடுக்கிற கவலை எனக்கு!" என்றார் தாண்டவராயர்.

மந்திரியின் முத்திரை மோதிரத்தையும் அலமாரிச் சாவியையும் தாண்டவராயரிடம் கொடுக்கச் சொன்னார் ராஜா. முப்பது வருஷ உழைப்பு ஒரு நொடியில் போனதே என்று நினைத்தபடி மந்திரி இரண்டையும் கொடுத்தார். ஆனாலும் ஊரைவிட்டுப் போகவில்லை.

தாண்டவராயர் வாள்களை நெருக்கி அடுக்கி முடித்த மூன்றாம் நாள் கருங்குன்றத்துச் சிற்றரசர் மழவராயர் வந்தார். அவருடையது இரண்டாவது வாள். தாண்டவராயர் ஓடிப்போய் இரண்டாம் கதவைத் திறந்தார். வாளில் இரண்டு முழம்தான் தெரிந்தது. இழுத்தால் தூண் இடித்தது. பூட்டிவிட்டு முதல் கதவைத் திறந்தார். அங்கே பிடி மட்டும் ஒரு முழம் எட்டிப்பார்த்தது. வேர்த்து விறுவிறுத்துப்போனார்.

பின்னாலேயே வந்த பொன்னம்பலவாணர் சொன்னார்: "முதல் வாளை வெளியே எடும். பிறகு இதை இடப்பக்கம் தள்ளும், வந்துவிடும்."

வந்தது. ஆனால் அதற்குள் மழவராயர் சபைக்குள் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். "என் வாள் எங்கே? என்னை வேண்டாம் என்றால் நேராகச் சொல்லலாமே!"

ராஜாவின் முகம் வெளுத்தது. மந்திரி வாளை இரு கையிலும் ஏந்தி வந்தார்.

"கோபிக்க வேண்டாம். யார் வந்தாலும் ஒரு கதவைத்தான் திறப்போம். இன்று உங்களுக்காக இரண்டு கதவு திறந்தோம். அது மட்டுமா? முதல் வாளையே அப்புறப்படுத்தி உங்கள் வாளுக்கு வழிவிட்டோம். தாமதம் அதனால்தான்."

"முதல் வாளையா?" மழவராயருக்கு முகம் மலர்ந்துபோனது. விருந்து சாப்பிட்டு, சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினார்.

அவர் போனதும் ராஜா மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போரைத் தடுத்தீர் ஐயா! என் புத்தியைச் சொல்ல வேண்டும்."

"இன்னும் முடியவில்லை மகாராஜா. முதல் வாளுக்கு உரியவர் காதில் இது விழுந்தால் அவர் கிளம்பி வருவார், அவர் பின்னால் மற்றவர்களும் வருவார்கள். ஒரு முழ இடைவெளியை இன்றைக்கே திரும்ப விட்டாக வேண்டும்."

"கேட்டீரா தாண்டவராயரே? மோதிரத்தை அவரிடம் கொடும். எண்பது வாளையும் நீரே ஒற்றை ஆளாக மாற்றி வையும்."

சாயங்காலம் சபையோடு ராஜா பார்க்கப் போனார். தாண்டவராயர் எண்பதாம் கதவுக்குள் தலையை நுழைத்துக் கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கே என்ன அளக்கிறீர்?"

தலையை வெளியே எடுக்காமலே பதில் வந்தது: "காலியிடம் ஒரு முழத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன், மகாராஜா."