உப்பு லாரியின் இடப்பக்கம்

சீடருக்கு வயது ஐம்பத்தாறு, குருவுக்கு முப்பத்து நான்கு. தூத்துக்குடியில் அதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. அவர்கள் ஓட்டிய வண்டிதான் வேடிக்கையாக இருந்தது.

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்வு நாற்காலியில் படுத்தாற்போல உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். உடம்பு தரையை ஒட்டிப் போகும். பார்க்கிறவர்கள், "ஈசி சேருக்குச் சக்கரம் மாட்டிட்டாங்கடே" என்று சிரிப்பார்கள்.

சீடர் சுயம்புலிங்கம் பலசரக்குக் கடைக்காரர். காது நரம்பில் ஏதோ கோளாறு வந்து, நிற்கிற நிதானம் போய்விட்டது. சைக்கிளில் ஏறினால் தெருவே சுழலும். நடந்தால் கை சுவரைத் தேடும். வீட்டோடு முடங்கிக் கிடந்தவருக்கு மகன் இந்த வண்டியை வாங்கி அனுப்பினான். "உயிரோட இருக்கும்போதே பாடையில ஏத்தப் பாக்கானா?" என்று கத்தினார். பிறகு யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறி மிதித்தார். தலை சுற்றவில்லை, வண்டி சாயவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பியவர் வண்டியிலிருந்து இறங்காமலேயே அழுதார்.

அந்த ஊரில் அப்படியொரு வண்டியை முன்பே ஓட்டிக்கொண்டிருந்தவள் பிலோமினா. அறிவியல் டீச்சர். பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியில்லாதவள். துறைமுக லாரிகளுக்கு நடுவே அவள் பள்ளிக்கூடம் போய் வருவதைக் கடையிலிருந்து பார்த்தவர்தான் சுயம்புலிங்கம். அவளிடமே போய் நின்றார்.

"டீச்சர், நீங்கதான் எனக்குக் குரு."

"சரி அண்ணாச்சி. ஆனா நான் நில்லுங்கன்னா நிக்கணும். ஏன்னு அப்புறம் கேளுங்க."

அவர் தலையாட்டினார். உடனே கேட்டார்.

"இவ்வளவு தாழ்வாப் போறோமே, எல்லாரும் என்னையப் பாக்கணும்னா என்ன செய்யணும்?"

"கொடி கட்டுங்க."

கம்பு நட்டுக் கொடி கட்டினார். மறுபடியும் வந்தார்.

"இப்ப எல்லாரும் பாப்பாங்களா?"

"விளக்கு வைங்க."

முன்னும் பின்னும் வைத்தார். மினுங்குகிற மேல்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார்.

"இப்ப?"

அவள் குனிந்து அவருடைய பிரேக்கை அழுத்திப் பார்த்தாள்.

அதையே அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் கையசைத்தார்கள், ஆட்டோக்காரர்கள் சத்தம் கொடுத்தார்கள். ஊரே தன்னைப் பார்க்கிறது என்று அவருடைய உடம்பு நம்பத் தொடங்கியது. பயம் போய்விட்டது.

ஒரு விடுமுறை நாள் காலையில் இருவரும் உப்பளச் சாலையில் போனார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். இரண்டு பக்கமும் பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. பாத்திகளுக்குப் போகும் மண்பாதை இடதுபுறம் பிரிகிற இடத்தில் ஓர் உப்பு லாரி நின்றிருந்தது. அதற்கு இடதுபக்கம், லாரிக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவே, இவர் வண்டி போகிற அளவுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிந்தது. எனக்கு அவன் தெரிந்தால் அவனுக்கு நான் தெரிவேன் என்று நினைத்தார். அந்த முகம் வலப்பக்கம் திரும்பி, எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

உள்ளே புகுந்தார்.

"அண்ணாச்சி! நில்லுங்க!"

பிரேக்கைப் பிடித்தார். பின்சக்கரங்களைத் தாண்டி, லாரியின் நடு வயிற்றுக்குப் பக்கத்தில் வந்திருந்தார். தலைக்கு மேலே உப்பு ஈரம் சொட்டியது. என்ஜின் உறுமியது. முன்சக்கரம் இடது பக்கமாகத் திரும்புவதைப் பார்த்தார்.

அவருடைய வண்டியைப் பின்னோக்கி மிதிக்க முடியாது. கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் முன் டயர்களைப் பற்றிப் பின்னால் உருட்ட வேண்டும். உருட்டினார். கை வழுக்கியது. லாரியின் உடம்பு மெல்ல மெல்ல அவர்மேல் சரிந்து வந்தது. பின்னாலிருந்து யாரோ இழுப்பது தெரிந்தது. டீச்சர் தன் வண்டியிலிருந்தே அவருடைய கேரியரைப் பிடித்து, உடம்பெல்லாம் பின்னால் சாய இழுத்துக்கொண்டிருந்தாள்.

"உருட்டுங்க அண்ணாச்சி! உருட்டுங்க!"

லாரியின் பின்சக்கரங்கள் அவர் பாதத்துக்கு முன்னால் உருண்டு போயின. மிதிகட்டைக்கும் முன்னே நீட்டிக்கொண்டிருந்த விளக்கு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். லாரி மண்பாதையில் இறங்கி, எதுவும் நடக்காததுபோல எடைமேடையை நோக்கிப் போனது.

அவர் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இருந்தன. விரல்களை அசைத்தார். அசைந்தன.

அதன் பிறகுதான் கோபம் வந்தது.

எடைமேடையில் லாரிகள் வரிசையில் நின்றன. அவர் மிதித்த மிதியில் புழுதி பறந்தது. அந்த டிரைவர் கீழே இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிய ஆள், பெயர் இசக்கிமுத்து. சுயம்புலிங்கம் வண்டியிலிருந்து எழுந்தார். தலை சுழன்றது. விழாமல் இருக்கவும் அடிக்கவுமாக அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஏலேய், கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? கொல்லப் பாத்தியேல!"

"என்ன அண்ணாச்சி? யாரை?"

"என்னையத்தாம்ல! கொடி தெரியல? விளக்கு தெரியல? கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தேம்ல நான்!"

"சத்தியமா ஒங்களப் பாக்கல அண்ணாச்சி."

"பொய் சொல்லாதல!"

ஆட்கள் கூடினார்கள். யாரோ, "ரெண்டு போடுங்க, உண்மை வரும்" என்றான். ஒருவன் இசக்கிமுத்துவின் தோளைப் பின்னாலிருந்து பிடித்தான். அவன் கண்ணில் பயம் ஏறியது.

டீச்சர் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. இழுத்த இழுப்பில் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அவரை விடுங்க அண்ணாச்சி."

"டீச்சர், இவன்..."

"விடுங்க."

அவர் விட்டார். அவள் டிரைவரைப் பார்த்தாள்.

"தம்பி, சாவி உங்க கையிலயே இருக்கட்டும். அண்ணாச்சியக் கொஞ்சம் உங்க சீட்டுல ஏத்தி உக்கார வைங்க."

கூட்டம் முணுமுணுத்தது. அடி வாங்க இருந்தவன் கை கொடுத்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சுயம்புலிங்கம் ஏறினார். ஏற ஏறத் தலை சுற்றியது. ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடித் திறந்தார். எத்தனை உயரம்! உப்புக் குவியல்கள், பனைகள், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள்கூடத் தெரிந்தன.

"ரோடு எப்படி இருக்கு அண்ணாச்சி?" கீழேயிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"காலியா இருக்கு. நீங்க எங்க நிக்கீய?"

"நீங்க அப்ப நின்ன இடத்துலதான்."

அவர் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். லாரியின் பக்கப் பலகை தெரிந்தது, அதன் நிழல் தெரிந்தது. "இல்லையே" என்றார்.

"இப்ப முன்னால வாரேன். கதவுகிட்ட."

சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் எதுவும் வரவில்லை. கழுத்தை நீட்டி இடது ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலின் கீழ்விளிம்புக்கு மேலே வானமும் உப்பும் மட்டும் இருந்தன. அவளுடைய வண்டியிலும் கொடி உண்டு. அதன் நுனிகூட இல்லை.

"டீச்சர்?"

"இங்கதான் இருக்கேன்."

குரல் காலடியிலிருந்து வந்ததுபோல இருந்தது. பின்னால் நின்ற லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. ஒரு முறை. மறுபடியும் நீளமாக. அந்தச் சத்தத்தில், ஒரு காலத்தில் கடைக்குச் சரக்கு வேன் ஓட்டிய அவருடைய கால் தானாகவே கிளட்சைத் தேடி நகர்ந்தது. அதை அவரே பார்த்தார். சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"பின்னால அவசரப்படுத்துதாங்க" என்றாள் டீச்சர். "இந்த நேரம் வண்டிய எடுத்திருப்பீயளா அண்ணாச்சி?"

இசக்கிமுத்து சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தான்.

"எடுத்திருப்பேன்" என்றார்.

இறங்கும்போதும் அவன்தான் பிடித்துக்கொண்டான். அவனுடைய சட்டையில் இரண்டு பித்தான் அறுந்திருந்தது. சுயம்புலிங்கம் அந்தச் சட்டையை நீவிவிட்டார். அவன், "பரவால்ல அண்ணாச்சி, கால் தப்பிச்சுதே" என்றான். பிறகு லாரியில் ஏறி, ஒரு முறைக்கு இரண்டு முறை கீழே எட்டிப் பார்த்துவிட்டு எடைமேடைக்கு நகர்ந்தான். ஆட்களும் கலைந்தார்கள்.

டீச்சர் கைக்குட்டையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட முடியவில்லை. அவர் குனிந்து கட்டிவிட்டார்.

"கொடி கட்டுனேன், விளக்கு வச்சேன், சட்டையும் மாத்துனேன்" என்றார். "அத்தனையும் வச்சும் அவனால என்னையப் பாக்க முடியலன்னா, நான் இன்னும் என்னதான் செய்ய டீச்சர்?"

"அவரால உங்களைப் பாக்க முடியாது அண்ணாச்சி" என்றாள். "உங்களால அவரைப் பாக்க முடியும்லா?"